டெலீட் பண்ண மெயில் எங்க போகுது?

ஏதோ ஒரு மெயில் ஆப்ல பழைய மெயிலை எல்லாம் டெலீட் பண்றீங்க. இன்பாக்ஸ் காலி. ஆனா ஜிமெயில்ல அந்த 15 ஜிபி மட்டும் குறையவே இல்ல. ஏன்?

ஆப்பும் சர்வரும் பேசிக்கிற மொழி ஐமேப். அதுல 'டெலீட்'னு ஒரு கட்டளை இருக்கு, ஆனா அது அழிக்கிறது முழு ஃபோல்டரை! தனி மெயிலுக்கு ரெண்டு படி: முதல்ல 'அழிக்கலாம்'னு ஒரு கொடி குத்தணும், அப்புறம் 'எக்ஸ்பஞ்ச்' சொல்லணும். அப்பதான் அது ஃபோல்டரை விட்டுப் போகும். குப்பைத்தொட்டி, ஆர்க்கைவ் ரெண்டுமே ஐமேப்புக்கு வெறும் ஃபோல்டர்தான். எது எதுன்னு அடையாளம் காட்ட ஒரு பொது வழி வந்ததே 2011-லதான்.

ஜிமெயில்ல கதையே வேற. அங்க ஃபோல்டரே கிடையாது, லேபிள்தான். இன்பாக்ஸ் ஒரு லேபிள். ஆப் கொடி குத்தி எக்ஸ்பஞ்ச் பண்ணா, ஜிமெயில் வழக்கமா அந்த லேபிளை மட்டும் உரிச்சிடும். மெயில் 'ஆல் மெயில்'ல பத்திரமா இருக்கும். நீங்க அழிச்சதா நினைச்சது ஆர்க்கைவ் ஆகியிருக்கு. மெயிலைத் தொலைக்காம காப்பாத்துற ஏற்பாடுங்கிற வகையில இது நியாயம்தான். ஆனா யாருக்கோ அனுப்பின ஆதார் நகலை அழிச்சாச்சுன்னு நிம்மதியா இருக்கிறவங்களுக்கு இது ஆபத்து.

நிஜமாவே அழிக்கணும்னா, ஆப் அந்த மெயிலை ஜிமெயிலோட டிராஷுக்கு நகர்த்தணும். அங்க 30 நாள் இருந்துட்டு தானா அழியும். அதுவரைக்கும் இடத்தையும் பிடிக்கும். தண்டர்பேர்ட்னா, அக்கவுன்ட் செட்டிங்ஸ்ல டெலீட் பண்ணா என்ன ஆகணும்னு கேட்கிற இடத்துல, 'கொடி மட்டும்' இல்லாம டிராஷ் ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்க. ஏற்கனவே அழிச்சதுக்கு, பிரவுசர்ல ஆல் மெயில் திறந்து தேடிப் பாருங்க.