கணுக்கால் பிடிக்கு என்ன விலை?

கோப்பை வாங்கித் தந்தவரை அடுத்த வருடமே விட்டுவிட்டது புனே. அது புத்திசாலித்தனமா, கஞ்சத்தனமா? கபடி ரசிகர்களின் பட்டிமன்றம் இன்னும் முடியவில்லை.

2024 டிசம்பர் 29. புனே பாலேவாடி விளையாட்டு வளாகத்தில் புரோ கபடியின் 11ஆவது சீசன் இறுதி ஆட்டம். ஹரியானா ஸ்டீலர்ஸ் 32, பாட்னா பைரேட்ஸ் 23. கோப்பை ஹரியானாவுக்குப் போனது. உள்ளூர் அணியான புனேரி பல்தானோ பிளே ஆஃப் சுற்றுக்கே தேறவில்லை. அதைக்கூட புனே ரசிகர்கள் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் வென்ற அணியில் குதித்துக் கொண்டாடியவர்களில் முகமதுரெசா ஷாத்லூயியும் இருந்தார். அந்த சீசனின் மிக மதிப்புமிக்க வீரர் என்ற விருதும் அவருக்கே. அதே ஆண்டு மார்ச் 1ஆம் தேதி, ஹைதராபாத்தில், இதே ஹரியானாவை 28-25 என்று தோற்கடித்துப் புனே முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியபோது, புனேயின் தற்காப்புக்குத் தூணாக நின்றவர் இந்த ஈரானியர்தான். பத்து மாதங்கள்கூட ஆகவில்லை. சட்டை மட்டும் மாறியிருந்தது.

'நம்ம ஆளை நம்ம ஊரிலேயே வந்து ஜெயிக்கவிட்டோமே' என்ற ஆதங்கம் அன்று தொடங்கியது. புனேயில் நண்பர்கள் கூடி அரட்டையடிக்கும் இடத்துக்குக் 'கட்டா' என்று பெயர். கல்லூரி மதில், டீக்கடை வாசல், சொசைட்டி கேட் எதுவும் கட்டாவாகலாம். வீட்டு வாசலில் 'மணியை ஒரு முறை அடித்தால் போதும், நாங்கள் செவிடர்கள் அல்ல' என்கிற பாணியில் பலகை எழுதி மாட்டும் ஊர் இது. இங்கே அணி நிர்வாகத்தை நையாண்டி செய்ய ஆள் பஞ்சமா?

கபடி ஆட்டம் வருடத்தில் மூன்று மாதம்கூட நடப்பதில்லை. மீதி மாதங்களில் ரசிகனுக்கு மிஞ்சுவது யாரை வைத்தார்கள், யாரை விட்டார்கள், யாரை என்ன விலைக்கு எடுத்தார்கள் என்ற பேச்சுதான். அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் பனிக்காலம் முழுக்க இதே வேலையாக இருப்பார்கள். கணப்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதால் அதற்கு 'ஹாட் ஸ்டவ்' சீசன் என்றே பெயர். அங்கே ஷோஹெய் ஓட்டானிக்கு 2023 டிசம்பரில் 70 கோடி டாலர் ஒப்பந்தம். மறு டிசம்பரில் ஹுவான் சோட்டோவுக்கு 76.5 கோடி டாலர். நம் கபடியில் எல்லாம் லட்சக் கணக்கில் தொடங்கியது. 2014இல் நடந்த முதல் ஏலத்தில் மிக அதிக விலை போன ராகேஷ் குமாருக்குக் கிடைத்தது 12.8 லட்சம் ரூபாய். ஒன்பதே வருடத்தில், 2023 அக்டோபரில், பவன் செராவத்தின் விலை 2 கோடியே 60.5 லட்சம்.

அதே ஏலத்தில்தான் புனே 2 கோடியே 35 லட்சத்துக்கு ஷாத்லூயியை எடுத்தது. பவன் பெயர் வரும்வரை கொஞ்ச நேரம் கபடி வரலாற்றிலேயே விலை உயர்ந்த வீரர் அவர்தான். ஒரு அணி மொத்த வீரர்களுக்கும் செலவிடக்கூடிய உச்சவரம்பு 5 கோடி. அந்த ஒரே கையெழுத்துக்கு அதில் 47 சதவீதம் போனது. மிச்சமுள்ள 53 சதவீதத்தில் பதினேழு பேரையாவது வைத்துக்கொள்ள வேண்டும். அணியில் குறைந்தது 18 பேர் இருக்க வேண்டும் என்பது விதி.

ஷாத்லூயி ஆடும் இடம் இடது மூலை. எதிரணி ரெய்டர் 30 வினாடிக்குள் தொட்டுவிட்டு ஓட நினைக்கும்போது, பதுங்கியிருந்து கணுக்காலைக் கவ்விப் பிடிக்கும் வேலை. மூலையில் நிற்பவரின் பிடி அரை நொடி தாங்கினால் போதும், கவரில் நிற்பவர் வந்து மோதிச் சாய்த்துவிடுவார். சடுகுடு ஆடிய தமிழனுக்கும், 'ஹுதுது' ஆடிய மராட்டியனுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தேவைப்பட்டால் எழுந்து ரெய்டுக்கும் போவார் என்பது ஷாத்லூயியின் கூடுதல் சிறப்பு. 10ஆவது சீசனின் சிறந்த தற்காப்பு வீரர் அவரே. லீக் சுற்றின் 22 ஆட்டங்களில் புனே தோற்றது இரண்டே இரண்டில்.

பிறகு ஏன் விட்டார்கள்?

இதற்குப் பதில், புனே அதற்கு முந்தைய வருடம் செய்ததில் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் இன்னொரு ஈரானியர், இடது மூலையின் சுல்தான் ஃபாசல் அத்ராசலியை 1 கோடியே 38 லட்சத்துக்கு எடுத்தது புனே. அந்த சீசனில் இறுதி ஆட்டம் வரை போய் ஜெய்ப்பூரிடம் 29-33 என்று தோற்றது. உடனே ஃபாசலை விட்டது. அவரை 1 கோடியே 60 லட்சம் கொடுத்து குஜராத் எடுத்துக்கொண்டது. புனே அதே இடத்துக்கு ஷாத்லூயியைக் கொண்டுவந்தது. ஆக, அணியின் எலும்புக்கூடு அப்படியே இருக்கும். ஒரே ஒரு விலை உயர்ந்த தூணை மட்டும் ஆண்டு வாடகைக்கு எடுப்பார்கள். யாரும் இதைக் கொள்கை என்று அறிவிக்கவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

அந்த எலும்புக்கூடு விலைக்கு வாங்கியதல்ல, வளர்த்தது. முதல் இரண்டு சீசன்களிலும் கடைசி இடத்தில் கிடந்த அணி இது. 2021-22 சீசனில் புதிய இளம் வீரர்கள் பிரிவில் அஸ்லம் இனாம்தாரும் மோஹித் கோயத்தும் அறிமுகமானார்கள். அஸ்லம், இப்போது அஹில்யாநகர் எனப் பெயர் மாறிவிட்ட அகமதுநகர் மாவட்டத்துப் பையன். மோஹித் ஹரியானா. பங்கஜ் மோஹிதே, ஆகாஷ் ஷிண்டே, கவரில் நம் தமிழ்நாட்டு அபினேஷ் நடராஜன் என்று வருடா வருடம் தக்கவைத்துக்கொண்ட கூட்டம் அது. 'மண்ணின் மைந்தர்கள் அணி' என்று புனேயில் பெருமையாகச் சொல்வார்கள். பட்டியலைப் பார்த்தால் மண் கொஞ்சம் விரிந்த மண்தான். கோப்பை வென்ற சீசனில் மிக மதிப்புமிக்க வீரர் விருது பெற்றவர் ஷாத்லூயி அல்ல, கேப்டன் அஸ்லம்.

கட்டாவில் ஒரு கட்சி இதைத்தான் பிடித்துக்கொள்கிறது. இரண்டு கோடியை ஒருவருக்கே கொட்டினால் இந்தப் பையன்களில் இரண்டு மூன்று பேரை இழக்க வேண்டிவரும். தூண் போனால் இன்னொன்று வாங்கலாம், அஸ்திவாரம் போனால் என்ன செய்வது என்பது அவர்கள் வாதம்.

எதிர்க்கட்சியிடமும் சரக்கு இருக்கிறது. 2024 ஆகஸ்ட் ஏலத்தில் ஹரியானா ஷாத்லூயியை எடுத்த விலை 2 கோடியே 7 லட்சம். புனே கொடுத்ததைவிட 28 லட்சம் குறைவு! கபடி ஏலத்தில் ஒரு அணி, தான் விட்ட வீரரைக் கடைசி விலைக்குச் சமமான தொகை கொடுத்து மீட்டுக்கொள்ளச் சீட்டு ஒன்று உண்டு. தெலுங்கு டைட்டன்ஸ் அதே ஏலத்தில் அப்படித்தான் பவனை 1 கோடியே 72.5 லட்சத்துக்கு மீட்டது. மலிவான விலையில் கிடைத்தவரை விட்டுவிட்டு, கடைசியில் எட்டாவது இடத்தில் வந்து நின்றோமே என்கிறார்கள்.

எட்டாவது இடத்துக்கு ஷாத்லூயி இல்லாதது மட்டுமே காரணம் என்று நாம் நினைக்கவில்லை. அந்த சீசனின் நடுவிலேயே முழங்கால் காயத்தால் அஸ்லம் வெளியேறினார். தக்கவைத்துக்கொண்ட தூணும் சாய்ந்தது. ஏலக் கணக்கில் எந்தக் கெட்டிக்காரனும் முழங்காலுக்கு விலை போட முடியாது. இதைத் தமிழ் ரசிகர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2022இல் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சம் கொடுத்துப் பவனை எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே சில நிமிடங்களில் காயம், சீசனே போயிற்று. அணி முடிந்தது என்றார்கள். புதுப் பையன் நரேந்தர் கண்டோலா 243 ரெய்டு புள்ளிகள் குவித்துத் தலைவாஸை முதல் முறையாக அரையிறுதிக்குக் கொண்டுபோனார். அங்கே 39-37 என்று இரண்டு புள்ளியில் அவர்களை வீட்டுக்கு அனுப்பியது வேறு யாருமல்ல, புனேதான். மறு வருடம் 2.6 கோடி பவன் 200க்கு மேல் ரெய்டு புள்ளி எடுத்தார். ஆனாலும் அவருடைய டைட்டன்ஸ் 22 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்று கடைசியில் வந்தது.

புனேக்கு இந்தப் பாடம் கிரிக்கெட்டில் ஏற்கெனவே கிடைத்ததுதான். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் ரைசிங் புனே சூப்பர்ஜயன்ட் 14.5 கோடி கொடுத்து பென் ஸ்டோக்ஸை எடுத்தது. ஸ்டோக்ஸும் ஏமாற்றவில்லை, சதம் அடித்தார், விக்கெட் எடுத்தார். ஆனால் பிளே ஆஃப் நேரத்தில் இங்கிலாந்து அணிக்காகப் புறப்பட்டுவிட்டார். அணியை ஹைதராபாத் இறுதி ஆட்டம் வரை இழுத்துச் சென்றதில் 30 லட்சம் ரூபாய் ஜெய்தேவ் உனத்கட்டின் 24 விக்கெட்டுகளுக்கும், 10 லட்சம் ரூபாய் ராகுல் திரிபாதியின் 391 ரன்களுக்கும் பெரும் பங்கு. காயமடைந்த அஸ்வினுக்குப் பதிலாக வந்த 17 வயதுச் சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தர் மும்பைக்கு எதிரான தகுதி ஆட்டத்தில் 16 ரன்னுக்கு 3 விக்கெட் சாய்த்தார். இறுதியில் ஒரே ஒரு ரன்னில் கோப்பை போனது வேறு சோகம். அடுத்த ஏலத்தில் உனத்கட்டின் விலை 11.5 கோடி! எடுத்தது ராஜஸ்தான். அந்த ஆண்டு 15 ஆட்டங்களில் அவர் எடுத்தது 11 விக்கெட். போன வருட ஆட்டத்துக்கு இந்த வருடம் பணம் கொடுத்தார்கள்.

ஏல விலை திறமையை மட்டும் அளப்பதில்லை. பெயர் எந்த வரிசையில் வருகிறது, அந்த நேரத்தில் எந்த அணியின் பையில் எவ்வளவு மிச்சம், அந்த இடத்துக்கு வேறு ஆள் இருக்கிறாரா என்பதையும் சேர்த்து அளக்கிறது. கட்டாயத்தில் இருக்கும் இரண்டு அணிகள் எதிரெதிரே உட்கார்ந்தால் போதும், 20 லட்சத்துக்காரர் கோடியைத் தொடுவார். 2024 ஏலத்தில் மிக அதிக விலை போனவர் சச்சின் தன்வர்; தமிழ் தலைவாஸ் 2 கோடியே 15 லட்சம் கொடுத்தது. ஒன்பதாவது இடம்தான் கிடைத்தது. அடுத்த ஏலத்தில் அதே சச்சினை 1 கோடியே 5.8 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டது யார்? புனே. ஒரே வருடத்தில் பாதி விலை. ஆளும் அவரே, காலும் அவருடையதே.

பிரதீப் நர்வாலின் கதை இன்னும் கடுமை. 1,800க்கும் மேற்பட்ட ரெய்டு புள்ளிகள், புரோ கபடியில் வேறு யாரும் எட்டாத உயரம். 2021இல் 1 கோடியே 65 லட்சத்துக்குப் போனவர். 2025 ஏலத்தில் அவர் பெயரை வாசித்தபோது எந்த அணியும் கை தூக்கவில்லை. சில நாட்களில் ஓய்வை அறிவித்தார். வயது 28.

கட்டாவில் அதிகம் பேசப்படாத பக்கம் இது. 'மலிவாக வளர்த்தோம், மலிவாகத் தக்கவைத்தோம்' என்று ரசிகர் பெருமைப்படும்போது, அந்த மலிவு யார் சட்டைப்பையிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை. ஏலத்துக்கே விடப்படாத வீரரின் சந்தை விலை அவருக்கே தெரியாது. பேஸ்பாலிலும் இதே கதைதான். ஒரு வீரர் ஏறத்தாழ ஆறு சீசன் முதல் நிலை அணியில் கழித்த பிறகே தன் இஷ்டப்படி சந்தைக்கு வர முடியும். அதுவரை அணிக்கு லாபம். அங்கே வீரர்கள் சங்கம் இருக்கிறது, வேலைநிறுத்தம்கூடச் செய்திருக்கிறது. இங்கே விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த 22 வயதுப் பையனின் ஒரு முழங்கால் மட்டும்தான் இருக்கிறது. விடுவிக்கப்படுவது அவமானம் என்று ரசிகர் நினைக்கிறார். ஷாத்லூயிக்கோ ஒவ்வொரு விடுவிப்பும் இன்னொரு இரண்டு கோடி. 2025இல் ஹரியானாவும் அவரை விட்டது. குஜராத் 2 கோடியே 23 லட்சத்துக்கு எடுத்தது.

அந்த 2025 ஏலத்தில் இரண்டு கோடியைத் தாண்டியவர்கள் இருவரே: குஜராத்துக்குப் போன ஷாத்லூயி, பெங்கால் வாரியர்ஸ் எடுத்த தேவாங்க் தலால். அந்த இரண்டு அணிகளும் முதல் எட்டு இடங்களுக்குள்கூட வரவில்லை. புனேயோ தன் பழைய கூட்டத்தோடும் பாதி விலை சச்சினோடும், அஜய் தாக்கூரின் பயிற்சியில், அக்டோபர் 31 அன்று டெல்லியில் நடந்த இறுதி ஆட்டத்துக்கே போய்ச் சேர்ந்தது. நான்கு சீசன்களில் மூன்றாவது இறுதி ஆட்டம். அஸ்திவாரக் கட்சி மீசையை முறுக்கியது.

ஆனால் கோப்பையைத் தூக்கியது தபங் டெல்லி, 31-28. வித்தியாசம் மூன்று புள்ளி. ஒரு ஆட்டத்தில் மூன்று கணுக்கால் பிடி ஷாத்லூயிக்குச் சாதாரணம் என்கிறது எதிர்க்கட்சி. அவர் இருந்திருந்தால் இறுதி ஆட்டம் வரை வந்த மற்ற பையன்கள் இருந்திருப்பார்களா என்று திருப்பிக் கேட்கிறது மற்றது.