வேகம் போதவில்லையாம்!

“அம்மா! வண்டி ஆமை மாதிரி ஊர்கிறது. இன்னும் ஒரே ஒரு பேட்டரி சேர்த்தால் சிட்டாய்ப் பறக்கும். பணம் கொடேன்!”

பிறந்த நாளுக்கு மாமா வாங்கிக் கொடுத்த நான்கு சக்கர எலெக்ட்ரிக் வண்டி, ‘குவாட் பைக்’ என்கிறார்களே, அது உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பேச்சும் ஒரு நாள் வந்தே தீரும். வந்த புதிதில் பக்கத்து வீட்டு மாமி வரை வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனாள். ஆறு மாதத்தில் அந்த வேகம் புளித்துப் போய்விட்டது. தகப்பனாரைக் கேட்டால், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “அம்மாவைக் கேளடா” என்று சொல்லிவிடுவார். ஆக, தீர்ப்பு உங்களிடம் வந்து நிற்கிறது. ‘முடியாது போ’ என்று ஒரே போடாய்ப் போடலாம். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை அதற்குக் கட்டுப்பட்டு விடுவானா? நீங்கள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து விடுவான். விஷயம் தெரிந்து பேசினால்தான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு.

வண்டியின் ஸீட்டைத் தூக்கிப் பாருங்கள். பெரிய பிள்ளைகள் ஓட்டும் வண்டி என்றால், பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரிகள் மூன்று வரிசையாக இணைந்திருக்கும். டார்ச் லைட்டில் கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாய்ப் போடுகிறோமே, அதே கணக்கு. மொத்தம் 36 வோல்ட். பின்னால் ஒரு மோட்டார். இரண்டுக்கும் நடுவில் ‘கண்ட்ரோலர்’ என்று ஒரு சின்ன உலோகப் பெட்டி. பிடியை எவ்வளவு முறுக்கினோம் என்று பார்த்து, மோட்டாருக்கு அதற்குத் தக்கபடி மின்சாரத்தை அளந்து கொடுக்கும் படியாள் அதுதான். மோட்டாரின் சுழற்சி செயின் வழியாகப் பின் சக்கரங்களுக்குப் போகிறது. அவ்வளவுதான் வண்டி.

வோல்ட் என்பது மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது மாதிரி. ஆம்பியர் என்பது குழாயில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது மாதிரி. இரண்டையும் பெருக்கினால் வாட். இந்த வகை மோட்டாரில் வோல்ட் ஏறினால் வேகம் ஏறும். ஆம்பியர் ஏறினால் இழுக்கும் பலம் ஏறும். பையன் சொல்வது பொய்யல்ல. நாலாவது பேட்டரியைச் சேர்த்து 48 வோல்ட் ஆக்கினால், மணிக்கு 24 கிலோ மீட்டர் போகிற வண்டி 32 கிலோ மீட்டர் வரை போகப் பார்க்கும்.

அந்த நாலாவது பேட்டரி வந்ததும் மற்றவர்கள் படுகிற பாடுதான் கதை.

முதலில் நம் படியாள். 36 வோல்ட்டுக்கென்று செய்த கண்ட்ரோலர்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் கெபாஸிட்டர் 50 வோல்ட் வரைதான் தாங்கும். 48 வோல்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, சார்ஜ் முழுதாய் ஏறி வந்த நேரத்தில் நாலு பேட்டரியும் சேர்ந்து 50-க்கு மேலேயே நிற்கும். ‘டப்’பென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. கண்ட்ரோலர் போயிற்று. ஆகவே பேட்டரி மாற்றினால் கண்ட்ரோலரும் மாற்ற வேண்டும், சார்ஜரும் மாற்ற வேண்டும். “ஒரே ஒரு பேட்டரி” என்று பையன் சொன்ன செலவு எங்கே போயிற்று பார்த்தீர்களா!

அடுத்தது மோட்டார். இட்லி மாவைக் கெட்டியாய்ப் போட்டு மிக்ஸியை நிறுத்தாமல் ஓட்டினால் ஒரு வாசனை வருமே, அது எதனால்? மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியின் பூச்சு சூட்டில் கருகும் வாசனை. கம்பியில் ஓடும் ஆம்பியர் இரண்டு மடங்கானால், சூடு இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. ஒயருக்கும் பிளக்குக்கும் இதே கதி. இஸ்திரிப் பெட்டியின் பிளக் லூஸாக இருந்தால் பழுப்பேறி உருகிப் போகிறதல்லவா? வண்டிக்குள் அது ஸீட்டுக்கு அடியில், பிள்ளை உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கீழே நடக்கும். ஃப்யூஸ் போகிறதே என்று அதற்குப் பதிலாகத் தடிக் கம்பியைச் சுற்றிவிடும் மேதாவிகளும் உண்டு. அப்படி யாராவது யோசனை சொன்னால் காபி கூடக் கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள்.

பேட்டரியைத் தொடாமல் பல்சக்கரத்தை மாற்றியும் வேகம் கூட்டலாம். மோட்டார்ப் பக்கத்துச் சின்னச் சக்கரத்தில் பற்களைக் கூட்டினால் சமதரையில் வண்டி ஓடும். மேடு வந்தால் மூச்சு வாங்கும். அப்போதும் ஆம்பியர் ஏறி, மோட்டார் கொதிக்கும்.

இந்த ஆசை நம் பிள்ளைகளோடு பிறந்ததல்ல. 1898 டிசம்பரில், பாரிஸ் நகருக்கு அருகே அஷேர் என்னும் இடத்தில், ஷாஸ்லூ-லோபா என்ற பிரபு ஒரு எலெக்ட்ரிக் காரில் மணிக்கு 63 கிலோ மீட்டர் வேகம் போய்ச் சாதனை செய்தார். பெல்ஜியத்துக்காரரான காமிய் ஜெனாட்ஸிக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த மாதமே அவர் வந்து முந்தினார். இவர் முந்த, அவர் முந்த, நாலைந்து மாதம் இதே வேலை. ஒரு தடவை பிரபுவின் மோட்டார் ஓட்டம் முடிகிற தறுவாயில் எரிந்தே போயிற்று. கடைசியில் 1899 ஏப்ரல் 29-ஆம் தேதி ஜெனாட்ஸி குண்டு போன்ற வடிவத்தில் ஒரு கார் கட்டி, மணிக்கு 105 கிலோ மீட்டருக்கு மேல் ஓட்டினார். சாலையில் நூறைத் தாண்டிய முதல் கார் அதுதான். அந்தக் காருக்கு அவர் வைத்த பெயரின் பொருள், ‘ஒருநாளும் திருப்தியடையாதவள்’. திருப்தியில்லாமல் அலைந்தவர்கள் இரண்டு ஆண்பிள்ளைகள். பழி மட்டும் பெண்பாலுக்கு!

போகட்டும். எனக்கு மோட்டாரைப் பற்றிக் கூட அவ்வளவு கவலையில்லை. எரிந்தால் வேறு வாங்கலாம். பிரேக்கைப் பற்றித்தான் கவலை.

வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால், நிற்க எடுக்கும் தூரமும் மூன்றில் ஒரு பங்குதான் கூடும் என்று நினைக்கிறோம். கணக்கு அப்படியில்லை, வேகத்தை வேகத்தாலேயே பெருக்க வேண்டும். பிரேக் பிடித்து 10 அடியில் நின்ற வண்டி, இப்போது கிட்டத்தட்ட 18 அடியில்தான் நிற்கும். அந்த எட்டு அடிக்குள் மதில் சுவரும் இருக்கலாம், தங்கையும் இருக்கலாம்.

நாலு சக்கரம் இருக்கிறதே, கவிழாது என்று பாட்டி கூடச் சமாதானம் சொல்லுவாள். நம்பாதீர்கள். இந்த வண்டிகளில் பலவற்றிலும் பின் சக்கரம் இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கப்பட்டிருக்கும். காரில் திரும்பும்போது வெளிச் சக்கரம் கூடுதலாகவும் உள்சக்கரம் குறைவாகவும் சுற்றும். இதில் இரண்டும் ஒரே மாதிரிதான் சுற்றியாக வேண்டும். அதனால் திருப்பினால் லேசில் திரும்பாமல் முரண்டு பிடிக்கும். ஓட்டுகிறவன் உடம்பைச் சாய்த்துக் கொடுக்க வேண்டும். வண்டி குட்டை, உட்காரும் இடம் உயரம். வேகத்தில் சட்டென்று திருப்பினால் குப்புறத் தள்ளி மேலேயும் விழும். பெட்ரோலில் ஓடும் இதன் மூத்த அண்ணன்களைப் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் ஓட்டவே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் கருத்து. மூன்று சக்கர ரகத்தை அங்கே 1988-லேயே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

தெரு என்ற பேச்சே வேண்டாம். நம் நாட்டில் 250 வாட்டுக்குக் குறைந்த சக்தியும், மணிக்கு 25 கிலோ மீட்டருக்குக் குறைந்த வேகமும் உள்ள சின்ன எலெக்ட்ரிக் வண்டிகளுக்குத்தான் லைசென்ஸிலிருந்து விலக்கு. ஆயிரம் வாட்டுக்காரன் அதில் சேரமாட்டான். 2019-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, பதினெட்டு நிரம்பாத பிள்ளை மோட்டார் வாகனக் குற்றம் செய்தால் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. பேப்பருக்குப் பின்னால் இருப்பவருக்கு இதைக் கொஞ்சம் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

அப்படியானால் பையனை என்னதான் செய்யச் சொல்வது? ‘ஆமை’ என்கிறானே, அந்த ஆமை முன்னே முயலாய் இருந்ததுதானே! டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். செயினைத் துடைத்து எண்ணெய் போடட்டும். வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றினால், பிரேக் உரசுகிறதா என்பது தெரிந்துவிடும். பாதி வண்டிகளுக்கு வியாதி இதுதான் என்பது என் அபிப்பிராயம். பிறகு பேட்டரி. ஈய பேட்டரியைச் சார்ஜ் போடாமல் மாதக் கணக்கில் மூலையில் தள்ளி வைத்தால் கெட்டுப் போகும். மூன்றில் ஒன்று நோஞ்சானாய் இருந்தாலும் மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு போய்விடும். வண்டி ஓடும்போது ஒவ்வொன்றிலும் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று மெக்கானிக்கை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னால், குற்றவாளி அகப்பட்டுக் கொள்வான். மூன்றையும் ஒன்றாகப் புதிதாய் மாற்றுவதுதான் சரி. போன வேகம் திரும்பி வரும், யாருடைய தாங்கும் சக்தியையும் மீறாமல்.

லித்தியம் பேட்டரி போடலாமா என்றால், போடலாம். எடை வெகுவாய்க் குறையும், ஓட்டம் சுறுசுறுப்பாகும். ஆனால் பழைய செல்களைப் பொறுக்கிக் கட்டிய மலிவுச் சரக்கு வேண்டவே வேண்டாம். காவல் சர்க்யூட் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஈய பேட்டரியின் சார்ஜரை அதில் மாட்டக் கூடாது, தீப்பிடிக்கும். எந்தச் சார்ஜரையும் இரவில் செருகிவிட்டு எல்லோரும் தூங்கப் போகாதீர்கள். மாடிப்படிக்கு அடியிலும் வேண்டாம். தீ என்று வந்தால் இறங்கி ஓடும் வழி அதுதானே?

இவ்வளவுக்கும் பிறகும் அவன் 48 வோல்ட் என்று ஒற்றைக் காலில் நின்றால், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காம்பவுண்டுக்குள் வரச் சொல்லுங்கள். கோலமாவால் தரையில் ஒரு கோடு இழுங்கள். இப்போதுள்ள வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் பிரேக் பிடிக்கட்டும். நின்ற இடம் வரை தையல் பெட்டியிலிருக்கும் டேப்பால் அவனையே அளக்கச் சொல்லுங்கள். முதல் செலவு புது பிரேக் கட்டைக்கு. அதைப் போட்ட பிறகு இன்னொரு கோடு.