விரட்டினாலும் வேட்டைதான்: கடலில் படகுகளுக்கு எல்லைக்கோடு எங்கே?

புதுடில்லி: துள்ளும் டால்பினை அருகில் காணும் ஆவலில் படகை விரைந்து செலுத்தச் சொல்லும் சுற்றுலாப் பயணிகள், தாங்கள் வேட்டைக் குற்றத்தின் விளிம்பில் நிற்பதை அறிவதில்லை. 1972ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி, கொல்வது மட்டும் வேட்டையல்ல. காயப்படுத்துவதும், விரட்டுவதும் வேட்டையே.

டால்பின், திமிங்கலம், கடல் பசு ஆகியவை இச்சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கு இணையான பாதுகாப்பு பெற்றவை. இவற்றை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை. 2022 ஆகஸ்டில் லோக்சபாவிலும், டிசம்பரில் ராஜ்யசபாவிலும் நிறைவேறிய திருத்தம், இதற்கான குறைந்தபட்ச அபராதத்தை 10 ஆயிரம் ரூபாயிலிருந்து 25 ஆயிரமாக உயர்த்தியது. ஆனால், எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், எந்த வேகத்தில் செல்ல வேண்டும் என்று படகோட்டிக்கு அச்சட்டம் கூறவில்லை. பார்ப்பது எங்கே முடிந்து, விரட்டுவது எங்கே துவங்குகிறது என்பது தெளிவாக இல்லை.

கண்ணில் படாத சாவு

பெங்களூரில் தமிழர்கள் பெருமளவில் வாழும் அல்சூரில், படகுச் சவாரிக்குப் பெயர் பெற்ற ஏரியில், 2016 மார்ச்சில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. கழிவுநீர் கலந்து ஆக்சிஜன் குறைந்ததே காரணம் எனக் கூறப்பட்டது. நகரின் நடுவே நடந்ததால் அந்த அவலம் ஊரறிய வெளிப்பட்டது. கடலில் நிலைமை வேறு. படகின் இன்ஜின் விசிறியில் அடிபடும் உயிரினம், கரை ஒதுங்கினால் மட்டுமே கணக்கில் சேரும்.

ஆழமற்ற பகுதியில் கடற்புல் மேய்ந்து, மூச்சுவிட அடிக்கடி நீர்மட்டத்துக்கு வரும் கடல் பசுவுக்கே இந்த ஆபத்து அதிகம். இந்தியக் கடல்களில் எஞ்சியிருப்பவை சில நூறு மட்டுமே. அவற்றைக் காக்க, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ., பரப்பை 2022 செப்டம்பரில் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது.

வழிகாட்டும் சிலிகா

டால்பின் காணும் படகுகள் இடைவெளி காக்க வேண்டும் என, ஒடிசாவின் சிலிகா ஏரியில் நெறிமுறைகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆஸ்திரேலியாவின் மோர்டன் விரிகுடாவில், கடல் பசுக்கள் மேயும் இடங்களில் படகுகள் மெதுவாகவே செல்ல வேண்டும். அமெரிக்காவின் புளோரிடாவில், கடல் பசுவின் உறவினமான மனாட்டிக்காக வேகக் கட்டுப்பாட்டு மண்டலங்கள் உள்ளன.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கும் சட்டத்தின் கீழ் விதிகள் வகுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. நீண்ட கடற்கரை கொண்ட தமிழகத்தின் எம்.பி.,க்கள் இதை சபையில் வலியுறுத்த வேண்டும். தூரமும் வேகமும் எழுத்தில் இல்லாதவரை, படகோட்டிக்கும் பாதுகாப்பில்லை. கடல் பசுவுக்கும் பாதுகாப்பில்லை.