வீட்டில் இருக்கிற பட்டாவை எடுத்துப் படியுங்கள்

கிராம நிர்வாக அலுவலராக (வி.ஏ.ஓ.) இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது மாலை வேளைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் குரூப் 4 தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வருகிறவர்களுக்கு முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவைக்க வேண்டியிருக்கிறது. வி.ஏ.ஓ. வருவாய்த் துறையைச் சேர்ந்தவர், தாசில்தாருக்குக் கீழே வேலை பார்ப்பவர். குடிநீர், தெருவிளக்கு எல்லாம் ஊராட்சியின் பொறுப்பு. அங்கே இருக்கும் ஊராட்சிச் செயலர் பதவி வேறு.

வி.ஏ.ஓ. பார்க்கும் வேலை முன்பு கர்ணம், மணியக்காரர் என்று சில குடும்பங்களின் கையிலேயே பெரும்பாலும் இருந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு அந்தப் பகுதிநேரப் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982இல் அரசின் முடிவு செல்லும் என்று தீர்ப்பானது. என்னைப் போல நிலமில்லாத வீட்டுப் பெண் கிராமக் கணக்கைக் கையில் எடுக்க முடிந்தது அதனால்தான். இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் நான் வகுப்பைத் தொடங்குவதில்லை.

இன்று வி.ஏ.ஓ. ஆவது குரூப் 4 தேர்வு வழியாகத்தான். அதற்குப் பத்தாம் வகுப்புத் தகுதி போதும். மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25, மீதி 100 கேள்வியும் தமிழ். தமிழில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆறு முதல் பத்து வரையிலான பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை வரி விடாமல் படியுங்கள். செய்யுளுக்குக் கீழே ‘நூல்வெளி’ என்று ஒரு கட்டம் இருக்கும். நூலாசிரியர், காலம், நூல் அமைப்பு எல்லாம் அதில் இருக்கிறது. கைடு வாங்கியவர்கள் பலர் அந்தக் கட்டத்தைப் பார்த்ததே இல்லை, எனக்கு அதில் மிகுந்த வருத்தம்.

கணக்குக்கு உங்கள் வீட்டுப் பட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த நிலம் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். புல எண், உட்பிரிவு, நன்செய், புன்செய், தீர்வை எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 100 ஏர் ஒரு ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் சுமார் 2.47 ஏக்கர். ஏக்கருக்கு 100 சென்ட், சென்ட்டுக்கு 435.6 சதுர அடி. இதை மாற்றி மாற்றிப் போட்டுப் பழகினால் விகிதம், சதவீதம், பரப்பளவு மூன்றும் கைக்கு வந்துவிடும். வேலைக்குப் போன பிறகும் தினமும் இந்தக் கணக்குதான். பசலி ஆண்டையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அது ஜூலை முதல் தேதி தொடங்கும். 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434.

உள்ளாட்சிப் பகுதிக்கு அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்தை மனப்பாடம் செய்வதோடு நிற்காமல், அக்டோபர் 2 அன்று உங்கள் ஊர் கிராம சபையில் போய் உட்காருங்கள்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. நேர்முகத் தேர்வும் இல்லை. சான்றிதழ் சரிபார்ப்பு, பிறகு கலந்தாய்வு. வி.ஏ.ஓ. பதவிக்கு மட்டும் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அந்தந்தக் கிராமத்திலேயே தங்க வேண்டும் என்ற விதிக்குப் பயந்து, நல்ல இடம் பிடித்தவர்கள்கூட இளநிலை உதவியாளர் பதவியைக் கேட்டு வாங்குகிறார்கள். என் மாணவிகளிடம் வி.ஏ.ஓ.வையே எடுங்கள் என்கிறேன். முதியோர் உதவித்தொகைக்கு ஒரு பாட்டி மனு கொடுத்தால், வீட்டுக்குப் போய் விசாரிப்பது வி.ஏ.ஓ.தான். அதே ஊரில் குடியிருப்பவருக்கு அந்த வீட்டு நிலவரம் மனு வருவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.