திகதி எல்லையும் தரவின் உண்மையும்: மன்னார்க் கரையோரத்தை முன்வைத்து ஒரு குறிப்பு

வணிக நிறுவனங்களும் அரச திணைக்களங்களும் இன்று கையாளும் பகுப்பாய்வு மென்பொருள்களில் மிகச் சாதாரணமாகத் தோன்றும் கருவி திகதி வடிகட்டியாகும். தொடக்கத் திகதி, முடிவுத் திகதி என இரண்டினைக் கொடுத்தால் அவற்றுக்கு இடைப்பட்ட பதிவுகள் மாத்திரம் அறிக்கையில் இடம்பெறும். ஏனையவை அழிக்கப்படுவதில்லை, ஆயினும் அறிக்கையை மட்டும் காண்போர்க்கு அவை இல்லாதனவே. 'கடந்த 30 நாள்', 'இவ்வாண்டு இதுவரை' என்பன போன்ற நகரும் எல்லைகளையும் இக்கருவி தருகின்றது. இதனை வெறும் தொழினுட்ப வசதியாகக் கருதுவோர் பலர். ஆனால், காலத்திற்கு எல்லையிடும் செயல் எப்பொழுதும் ஒரு தேவையிலிருந்து பிறப்பது. அத்தேவை யாருடையது என்ற வினா அதனோடு ஒட்டியே நிற்பது. மன்னார்க் கரையோர வரலாற்றைக் கொண்டு இதனை விளக்குவதே எமது நோக்கம்.

அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளுக்கு எதிரே கடலடியில் அமைந்த பார்களே இலங்கையின் முத்துச் சலாபத்திற்குக் களமாயின. சலாபம் ஆண்டுதோறும் நிகழ்ந்ததன்று. குடியேற்ற ஆட்சிக்கால வருவாய்க் கணக்கை ஆண்டு வரிசையில் நோக்குமிடத்து, 1838 முதல் 1854 வரை சலாபமே இல்லை. 1891இல் ஏறத்தாழ 10 இலட்சம் ரூபா வருவாய் கிடைத்தது. 1892 முதல் 1902 வரை மீண்டும் வெற்றிடம். 1903இல் சலாபம் திரும்பவும் தொடங்கியது. 1905இல் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு 25 இலட்சம் ரூபா அளவில் வருவாய் சேர்ந்தது.

இக்கணக்கின்மீது 1903-1905 என்னும் எல்லையை இடுவோமாயின், வளர்ந்து செல்லும் ஒரு தொழிலையே காண்போம். தொடக்க ஆண்டை 1892 என மாற்றினால், 14 ஆண்டுகளில் 11 ஆண்டுகள் வெறுமையாகத் தோன்றும். எண்கள் மாறவில்லை, எல்லையே மாறியது. 1906இல் இலண்டன் மூலதனத்துடன் எழுந்த முத்துக்குளிப்புக் கம்பனி ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,10,000 ரூபா வீதம் 20 ஆண்டுக் குத்தகையாகப் பார்கள் அளிக்கப்பட்டன. 1906, 1907ஆம் ஆண்டுச் சலாபங்களுக்குப் பின்னர் பார்கள் வெறுமையாயின. குத்தகைக் காலம் முற்றுப்பெறு முன்னரே அம்முயற்சி வீழ்ந்தது. அடுத்த சலாபம் 1925இலேயே நிகழ்ந்தது.

இதற்கான காரணம் இயற்கையின் இயக்கத்தில் உள்ளது. முத்துச்சிப்பி குளிப்புக்குத் தகுதியாக முதிர நான்கைந்து ஆண்டுகள் செல்லும். 1902இல் இலங்கைக்கு வந்த விலங்கியற் பேராசிரியர் ஹேர்ட்மன், பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் பலமுறை திரளாகத் தோன்றியும் முதிருமுன் அழிந்தமையைத் தமது அறிக்கையிற் பதிவு செய்தார். தென்மேல் பருவக்காற்றுக்கால அலைகள் அவற்றை அடித்துச் செல்வன. பருவக்காற்றுக்கு முந்திய திகதியோடு அறிக்கை நின்றுவிடின், செழிப்பு மட்டுமே தெரியும். எனவே, ஆராயும் பொருளின் இயக்கச் சுழற்சியிலும் குறுகிய கால எல்லை எப்பொழுதும் ஐயத்துக்குரியது. ஒரு பருவத்தை முந்திய ஆண்டின் அதே பருவத்தோடு ஒப்பிடல் வேண்டும் என்பதும் இதிலிருந்தே பெறப்படும்.

இன்னொன்றும் அவதானிக்கத்தக்கது. எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளியாளர்க்கும் உரியதாயிருந்தது. அரச வருவாய் நிரல் முதற்பங்கையே காட்டும். சலாபம் இல்லாத ஆண்டில் அந்நிரல் வெறுமையாயிருக்கும்; அவ்வாண்டிற் குளியாளன் எதனை உண்டு வாழ்ந்தான் என்பதை எந்தத் திகதியைக் கொடுத்தும் அதிலிருந்து பெறவியலாது. பதியப்படாத உழைப்பை வடிகட்டி மீட்டுத் தராது.

திகதியின் வலிமை அண்மைக்காலத்தில் மேலும் கொடிதாக வெளிப்பட்டது. 1990 ஒக்ரோபரில் வட மாகாண முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மன்னார்த் தீவினர் பலர் கடல்வழியாகக் கற்பிட்டியை அடைந்து, புத்தளம் மாவட்ட முகாம்களில் நெடுங்காலம் வாழ்ந்தனர். 2009இல் போர் முடிவுற்றபின் வெளியான மீள்குடியேற்ற அறிக்கைகளில் 2008 ஏப்ரில் ஒரு பிரிகோடாயிற்று. அதற்குப் பின் இடம்பெயர்ந்தோர் 'புதியோர்'. முன்னர் இடம்பெயர்ந்தோர் 'பழையோர்'. பின்னவருள் 1990இல் வெளியேற்றப்பட்டோரும் அடங்குவர். 'புதியோர்' என்ற எல்லைக்குள் மட்டும் தயாரிக்கப்படும் ஓர் அட்டவணையில், ஏறத்தாழ 20 ஆண்டுகள் காத்திருந்தோர் ஒருவரும் இரார். முகாமிற் பிறந்த பிள்ளையின் நிலை இன்னும் விசித்திரமானது. 'இடம்பெயர்ந்த திகதி' என்னும் நிரலில் அப்பிள்ளைக்கு எழுத எதுவுமில்லை. திகதியில்லாப் பதிவு எந்தக் கால எல்லைக்குள்ளும் அகப்படாது. வடிகட்டி அதனை ஓசையின்றி விலக்கிவிடும்.

ஆகவே, ஓர் அறிக்கையை எதிர்கொள்வோர் சில வினாக்களை எழுப்புதல் இன்றியமையாதது. கொள்ளப்பட்ட திகதி நிகழ்ச்சி நடந்த நாளா, பதிவு செய்த நாளா? முடிவுத் திகதி அந்நாள் முழுவதையும் உட்கொள்கிறதா, நாள் தொடங்கும் நள்ளிரவோடு நின்றுவிடுகிறதா? பின்னதாயின் இறுதிநாட் பதிவுகள் முழுவதும் விடுபடும். கணினி எந்த நேரத்தை அடிப்படையாகக் கொள்கிறது? உலகப் பொதுநேரத்திலும் இலங்கை நேரம் 5 மணி 30 நிமிடம் முந்தியது. பொதுநேரத்தின்படி நாளைக் கணக்கிடின், மன்னாரில் அதிகாலை 4 மணிக்குக் கரைசேரும் மீன் முந்திய நாட் கணக்கிற் சேரும். திகதியற்ற பதிவுகள் எத்தனை? எல்லையை இருபுறமும் நீட்டினால் முடிவு நிலைக்கிறதா?

இவ்வினாக்களுக்கான விடைகள் அறிக்கையின் தலைப்பிலேயே எழுதப்படல் வேண்டும் என்பது எமது கருத்து. அவ்வாறு எழுதப்படாத அறிக்கையில், எல்லையிட்டவரின் நலன் பொதுஉண்மையின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது. மன்னாரின் குளியாளரும் புத்தளம் முகாமிற் பிறந்த பிள்ளைகளும் அவ்வெல்லைக்கு வெளியே நின்றவர்கள். அவர்களைக் கணக்கினுள் கொண்டுவருவது ஆய்வின் நேர்மை சார்ந்த முதற்கடமையாகும்.