முற்றுகைக்குள் வாழும் உயிரி

நோய்க்கிருமி தன்னை மறைத்துக்கொண்டே பிழைக்கும் என்பது பொதுவான எண்ணம். காவலணுக்கள் கண்டுகொண்டால் அதற்கு அழிவு. ஆகவே அது தோற்றத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். சளிக்காய்ச்சல் நச்சுயிரியும் மலேரியா ஒட்டுண்ணியும் அப்படித்தான் வாழ்கின்றன. காசநோய்க் கிருமியின் வழி வேறு. உலகின் பல பகுதிகளில் திரட்டிய கிருமிகளின் மரபணுத் தொகுதிகளை 2010இல் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், நம் காவலணுக்களில் ஒருவகையான டி-அணுக்கள் அடையாளம் காணும் அதன் புரதப் பகுதிகளில் பெரும்பாலானவை சற்றும் மாறாமல் நிலைத்திருப்பதைக் கண்டார்கள். தன்னை நாம் கண்டுகொள்வதை இக்கிருமி தவிர்க்கவில்லை. அதில் அதற்கு ஆதாயம் இருக்கிறது என்றே கருத வேண்டியிருக்கிறது.

நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடச் சென்ற தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் மும்பைத் தாராவியின் பரப்பு ஏறத்தாழ 2.4 சதுர கிலோமீட்டர். அங்கே நெருங்கி வாழ்வோர் பல இலட்சம் பேர். காற்றோட்டமில்லாத அறையில் நோயாளி ஒருவர் இருமினால், ஈரம் உலர்ந்த மிக நுண்ணிய துகள்கள் மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சோடு உள்ளே சென்ற துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறையில் தங்குகிறது. அங்குள்ள பெருவிழுங்கணு கிருமியை உடனே விழுங்குகிறது. வழக்கமாக, விழுங்கிய பையோடு அமிலமும் செரிப்பு நொதிகளும் நிறைந்த மற்றொரு பை வந்து இணையும். உள்ளே இருப்பது அழியும். மெழுகுச் சுவர் போர்த்திய காசக்கிருமி அந்த இணைப்பைத் தடுத்துவிடுகிறது. கொல்வதற்காக அமைந்த அறையே அதன் குடியிருப்பாகிறது. அங்கே அது ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒருமுறை மட்டுமே இரண்டாகப் பிரிகிறது. எதிலும் அவசரம் இல்லாத உயிரி அது.

கிருமியின் செய்தி நிணநீர்க்கணுவைச் சென்றடைந்து, டி-அணுக்கள் பெருகி நுரையீரலுக்கு வர வாரங்கள் ஆகின்றன. வந்தபின் அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா, விழுங்கணுக்களுக்குப் புதிய வலிமை தருகிறது. நடுவே கிருமியேறிய விழுங்கணுக்களும் சுற்றிலும் டி-அணுக்களுமாக ஒரு குறுங்கட்டி உருவாகிறது. தொற்றுற்ற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வாழ்நாள் முழுதும் நோய் வருவதில்லை. முற்றுகை நிலைத்து நிற்கிறது. ஆனால் அதை நாள்தோறும் உடல் உழைத்தே காக்கிறது. மூட்டுவாதத்துக்காக டி.என்.எஃப். என்னும் சுரப்பைத் தடுக்கும் மருந்தை எடுத்துக்கொண்டோரில் சிலருக்கு, உறங்கிய காசநோய் விழித்துக்கொண்டதை 2001இல் மருத்துவ உலகம் அறிந்தது. கட்டியைக் கட்டிக் காப்பதில் அச்சுரப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

அதே காவல் எல்லை மீறும்போதுதான் கேடு. கட்டியின் நடுப்பகுதி செத்துத் தயிர்க்கட்டி போலாகிறது. பின்பு உருகி மூச்சுக்குழாய்க்குள் உடைகிறது. நுரையீரலில் குழி விழுகிறது, கிருமி கோடிக்கணக்கில் சளியோடு வெளியேறுகிறது. இங்கே திசுவை அரிப்பவை பெரும்பாலும் நம் அணுக்களின் நொதிகளே. எச்.ஐ.வி. முற்றி டி-அணுக்கள் அருகிப்போனோரிடம் இக்குழிகள் குறைவாகவே காணப்படுகின்றன. அவர்கள் நோயால் விரைவில் வாடுகிறார்கள், ஆனால் பிறருக்குப் பரப்புவது குறைவு. ஆக, ஒருவரிடமிருந்து மற்றவரிடம் தாவக் கிருமிக்கு நம் எதிர்ப்பாற்றலே வேண்டியிருக்கிறது. மாறாத அப்புரதப் பகுதிகளுக்கு இதுவே பொருத்தமான விளக்கமாக எனக்குப் படுகிறது. செங்கல்பட்டில் 1968இல் தொடங்கிய மாபெரும் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்று காட்டியதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். கிருமியை உடலுக்கு அறிமுகப்படுத்துவது மட்டும் போதவில்லை.

முற்றுகையின் வலிமை வீட்டையும் தட்டையும் பொறுத்தது. செம்பூரை அடுத்த கோவண்டி, மான்கூர்டு பகுதிகளின் மறுகுடியமர்வுக் கட்டடங்களைப் பற்றிய ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. அவற்றுள் ஒன்றான லல்லுபாய் காம்பவுண்டில் அடுத்தடுத்த கட்டடங்களுக்கு இடையே சில அடிகளே இடைவெளி. வெயிலும் காற்றும் எட்டாத கீழ்த்தளங்களில் காசநோய் மிகுதி. கிருமியைக் கொல்லும் புற ஊதாக் கதிர் அங்கே நுழைவதில்லை. விழுங்கணு தன் கொல்லும் புரதத்தை ஆக்கப் பயன்படுத்தும் வைட்டமின் டி-யும் வெயிலில்தான் தோலில் உருவாகிறது. குடிசையை அகற்றி மாடி கட்டியவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

உணவின் கதை இன்னும் ஆழமானது. வீட்டிலேயே மருந்துண்ட ஏழைகளும், நல்ல உணவோடு சானடோரியத்தில் தங்கியவர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தேறினார்கள் என்று 1959இல் வெளியான சென்னை ஆய்வொன்று மெய்ப்பித்தது. எண்ணற்ற ஏழைகளுக்கு வீட்டிலேயே மருத்துவம் கிடைக்க வழி திறந்த முடிவு அது. ஆனால் உணவு இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. மருந்து கிருமியை நேரே கொல்லும். நோயாளியின் பக்கத்தில் படுத்துறங்கும் பிள்ளைக்கோ பெரும்பாலும் அவனுடைய டி-அணுக்களே துணை. புரதம் குறைந்த உடலில் அவ்வணுக்கள் பெருக முடியாமல் தளர்கின்றன. சார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தார் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய 'ரேசன்சு' ஆய்வு 2023இல் வெளியானது. மாதந்தோறும் அரிசியும் பருப்பும் நுண்சத்தும் பெற்ற குடும்பத்தாரிடம் புதிய காசநோய் 39 விழுக்காடு குறைந்தது. தொற்றைப் பரப்பும் நுரையீரல் வகை 48 விழுக்காடு குறைந்தது. அரசு தரும் ஊட்டத்தொகை 2024 இறுதியில் மாதம் 500 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்ந்தது. அது நோயாளியின் கணக்குக்குச் செல்கிறது. அதே அறையில் அதே காற்றை மூச்சிழுக்கும் தாராவிக் குடும்பத்தின் மற்றவர்களுக்கும் சார்க்கண்டில் தந்தது போன்ற பை ஒன்று வேண்டும்.