ஆண்டெல்லாம் வென்றவர் அன்று தோற்றதேன்?

மாலை ஐந்து மணி. வாவியின்மேல் வெயில் சாய்ந்து, தோணிகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். மட்டக்களப்பு நகரில், கூடைப்பந்துத் திடல் ஒன்றுக்கு எதிரேயுள்ள தேநீர்க்கடையில் பெரிய வழக்கொன்று நடந்துகொண்டிருந்தது. வழக்கறிஞர் நால்வர், நால்வரும் இளைஞர். நீதிபதி எவரும் இலர். குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டிருந்தது ஒரு கல்லூரியின் கூடைப்பந்தாட்ட அணி.

குற்றம் யாதெனில், அவ்வாண்டு முழுவதும் சுற்றுவட்டாரத்தில் எவரிடமும் தோற்காது வந்த அந்த அணி, வெளியூரில் நடந்த சுற்றுப்போட்டியின் காலிறுதியிலேயே தோற்றுத் திரும்பிவிட்டது. அதுவும், எளிதில் வெல்லலாம் என்று எல்லோரும் எண்ணியிருந்த ஓர் அணியிடம். அதுவும் இரண்டே புள்ளிகளால். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். தோற்ற பிள்ளைகளின் பெயரைப் பத்திரிகையில் ஏற்றுவது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று.

"நெஞ்சுரம் இல்லை! கடைசி நிமிடத்தில் இரண்டு பிரீ துரோ கிடைத்தும் இரண்டையும் விட்டானே!" என்றான் முதலாமவன்.

"மத்தியஸ்தர் விசில் அவர்கள் பக்கந்தான் ஊதியது" என்றான் இரண்டாமவன்.

"ஒருவனையே நம்பி ஆட்டம் கட்டினால் இப்படித்தான் முடியும்" என்பது மூன்றாமவன் வாதம்.

"எல்லாம் அன்றைய நேரம்" என்று நான்காமவன் கையை விரித்தான்.

ஓரத்தில் பிளேன்டீயும் கையுமாக இருந்த என்னைக் கண்டதும், "சேர், நீங்கள் சொல்லுங்கள்" என்றார்கள். நான் கணிதம் கற்பிப்பவன், பந்து பிடித்தவனல்லன். ஆனால், அந்த இரண்டு எறிகைகளையும் தவறவிட்ட மாணவன் என் வகுப்பில் இரண்டாவது வாங்கில் இருப்பவன். பத்து நாட்களாக அவன் திடலின் பக்கமே போகவில்லை என்பதையும் நான் அறிவேன். ஆகவே, இந்த வழக்கைச் சற்று நிதானமாக ஆராய்வது கடமை என்று தோன்றிற்று.

பந்து வந்த வழி

முதலில், இவ்வூரில் கூடைப்பந்துக்கு ஏன் இத்தனை அபிமானம் என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். 1891ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில், குளிர்காலத்திலே மாணவர் உள்ளரங்கில் விளையாடுவதற்கென ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் 13 விதிகளோடு அமைத்த விளையாட்டு இது. அவர் தொங்கவிட்டவை பீச் பழக் கூடைகள். பெயரும் அதனாலேயே நிலைத்தது.

அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் வந்த இயேசு சபைக் குருமார் இவ்விளையாட்டைக் கிழக்கிலே வேரூன்றச் செய்தனர். அவர்கள் பணியாற்றிய புனித மிக்கேல் கல்லூரி கூடைப்பந்தாட்டத்தால் நாடறிந்த பெயர் பெற்றது. நகரின் வெபர் விளையாட்டரங்கு அத்தகைய குருவானவர் ஒருவரின் பெயரையே தாங்கி நிற்கிறது. லூசியானாவைச் சேர்ந்த யூஜின் ஹீபர்ட் அடிகளார் பல தலைமுறை மாணவர்களுக்கு இவ்வாட்டத்தைப் பயிற்றியவர். 1990 ஆகஸ்ட் 15ஆந் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவர் காணாமற் போனார். போர் அவரைக் கொண்டுபோயிற்று. அவர் கற்பித்த ஆட்டத்தைக் கொண்டுபோக அதனால் இயலவில்லை. இன்றும் மாலையானால் பலகையிற் பந்து மோதும் ஓசை இந்நகரில் கேட்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு தோல்வி பத்து நாள் பேசப்படுவதில் வியப்பென்ன?

கணக்கு சொல்லும் கதை

நான்காமவன் "நேரம்" என்றான் அன்றோ? அதைக் கணக்கில் எழுதிப் பார்ப்போம். மாணவர்கள் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம்.

எந்த அணியோடு பத்து முறை மோதினாலும் ஏழு முறை வெல்லக்கூடிய வலிய அணியொன்று இருக்கிறதென வைத்துக்கொள்வோம். காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று மூன்று ஆட்டங்கள். ஒன்றில் தோற்றாலும் வெளியேற வேண்டும். மூன்றையும் வெல்லும் வாய்ப்பு 0.7 × 0.7 × 0.7, அதாவது 0.343. நூறு முறை இப்போட்டி நடந்தால் ஏறத்தாழ 34 முறைதான் அவ்வணி கிண்ணத்தைத் தூக்கும். 66 முறை வெறுங்கையோடு திரும்பும். அந்த 66 முறையும் தேநீர்க்கடையில் "நெஞ்சுரம் இல்லை" என்ற தீர்ப்பே வழங்கப்படும்!

அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டியில் இந்த ஆபத்தைக் குறைக்க ஒரு வழி செய்திருக்கிறார்கள். ஒவ்வோர் அணியும் முதலில் 82 ஆட்டங்கள் ஆடுகிறது. பின்னர் 16 அணிகள் வெளியேற்றுச் சுற்றில் மோதுகின்றன. அங்கே ஒரே ஆட்டத்தோடு தீர்ப்பில்லை. ஏழு ஆட்டத் தொடரில் முதலில் நான்கை வெல்பவரே அடுத்த சுற்றுக்குச் செல்வர். நம் உதாரண அணி அத்தகைய தொடரொன்றை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 87 ஆக உயர்கிறது. ஆயினும், நான்கு சுற்றுகளையும் கடக்கவேண்டுமே! நான்கையும் பெருக்கினால் 58தான் வருகிறது. எனவே, மிக வலிய அணியும் பத்துக்கு நான்கு முறை கிண்ணமின்றித் திரும்புவது இயற்கையே.

கொம்பு முறியும் இடம்

கணக்கைக் கேட்டு இளைஞர்கள் மௌனமாயினர். ஆனால், அடுப்படியில் இருந்த கடைக்காரப் பெரியவர் விடவில்லை. "கணக்குச் சரிதான் சேர். ஆனா எல்லாத்தையும் கணக்கில போட ஏலாது. மனே, நீங்க கொம்புமுறி பாத்திருக்கிறீங்களா?" என்று கேட்டார்.

கண்ணகி வழிபாட்டோடு ஒட்டி நம் கிராமங்களில் நடைபெறும் விளையாட்டு அது. ஊரவர் வடசேரி, தென்சேரி என்று இரு கட்சியாகப் பிரிவர். கொக்கிபோல் வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று மாட்டிக் கயிறு கட்டி இழுப்பர். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர்.

"இழுக்கிற ஆளிட பெலம் மட்டுமில்ல மனே. கொம்பில ஒரு இடம் நொய்ஞ்சிருந்தா, இழுவை அந்த இடத்தைத்தான் தேடிப் புடிக்கும். மத்த இடமெல்லாம் வைரமா இருந்தும் பிரயோசனமில்ல" என்றார் பெரியவர்.

ஆயிரம் பக்கப் புத்தகம் சொல்லாததை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். வழக்கமான பருவத்தில் இன்றைக்கு ஓரணி, நாளை மறுநாள் வேறோரணி. எவருக்கும் உங்களை ஆழ்ந்து படிக்க நேரமில்லை. வெளியேற்றுச் சுற்றிலோ எதிராளி உங்களையன்றி வேறெவரையும் நினைப்பதில்லை. நீங்கள் எந்தக் கையால் பந்தைத் தட்டுகிறீர்கள், எந்த மூலையிலிருந்து எறிகிறீர்கள், யாரை நம்பியிருக்கிறீர்கள் என்பதையெல்லாம் எண்ணி வைத்துக்கொண்டு, இழுவையை அந்த ஓரிடத்திலேயே போடுகிறான்.

2007ஆம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். டலஸ் மவரிக்ஸ் அணி 82 ஆட்டங்களில் 67ஐ வென்று முதலிடத்தில் நின்றது. முதற் சுற்றில் அதற்கு எதிராக வந்தது 42 ஆட்டங்களை மட்டுமே வென்று, கடைசி இடத்தைப் பிடித்துக்கொண்டு நுழைந்த கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸ். ஆறே ஆட்டங்களில் டலஸ் வெளியேறியது. ஏழு ஆட்டத் தொடரொன்றில் எட்டாமிடத்து அணி முதலிடத்து அணியை வீழ்த்தியது அதுவே முதன்முறை.

உலகம் வியந்தது. ஆனால் உள்ளே பார்த்தால் வியப்புக் குறைகிறது. கோல்டன் ஸ்டேட்டின் பயிற்றுநர் டொன் நெல்சன், 2005 வரை டலஸ் அணிக்கே பயிற்றுநராக இருந்தவர். ஜெர்மனியிலிருந்து இளைஞராக வந்த டேர்க் நொவிட்ஸ்கியை வளர்த்து ஆளாக்கியவர். டலஸின் முழுப் பலமும் ஏழடி உயரமான அந்த நொவிட்ஸ்கிதான். அவரைவிடக் குட்டையான, ஆனால் ஒட்டி நின்று மூச்சு விடவிடாத வீரர்களை நெல்சன் அவர்மேல் ஏவினார். கடைசி ஆட்டத்தில் நொவிட்ஸ்கி 13 முறை எறிந்து இரண்டு முறையே கூடையில் இட்டார். அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் என்ற விருது, தோற்று வீடு திரும்பிய பின்னரே அவர் கைக்கு வந்தது. இன்னொன்றும் உண்டு. வழக்கமான பருவத்திலும் டலஸ் இதே அணியை மூன்று முறை சந்தித்து மூன்றிலும் தோற்றிருந்தது. எல்லோரையும் வெல்பவன் இந்த ஒருவனையும் வெல்வான் என்று எண்ணியதே ரசிகர்களின் தவறு. பலம் என்பது ஒற்றை எண்ணன்று. எதிரே நிற்பவரைப் பொறுத்தது.

மூன்றாமவன் வாதம் இங்கே வலுப்பெறுகிறது. ஒருவனையே நம்பிய அணி, நொய்ந்த இடம் எதுவென்று எதிராளிக்குத் தானே சுட்டிக்காட்டிய அணியாகும்.

நெஞ்சுரம் என்னும் பழி

இனி, முதலாமவன் சுமத்திய பழிக்கு வருவோம். தனி எறிகைக் கோட்டிலிருந்து பலகை 15 அடி தூரம். வளையம் தரையிலிருந்து பத்தடி உயரம். எவரும் குறுக்கே வரமாட்டார், நேரமும் ஓடாது. நாளும் பயிற்சியில் நூறு முறை செய்யும் வேலை. அதனாலேயே, அதைத் தவறவிடுபவனைக் கோழை என்று உலகம் எளிதிற் சொல்லிவிடுகிறது.

மில்வோக்கி பக்ஸ் அணியின் யானிஸ் அன்டெட்டோகூன்போ, தனி எறிகையிலே தடுமாறுபவர் என்று பெயர் பெற்றவர். அவர் கோட்டில் நின்று தயங்கும்போது எதிரணி ரசிகர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணிக் கேலி செய்வர். 2021ஆம் ஆண்டு இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் அவர் 19 தனி எறிகைகளில் 17ஐக் கூடையில் இட்டு, 50 புள்ளிகள் பெற்று, 50 ஆண்டுகளின் பின் மில்வோக்கிக்குக் கிண்ணம் வாங்கிக்கொடுத்தார். அதே மனிதர் 2023இல், முதற் சுற்றில் எட்டாமிடத்து மயாமி ஹீட் அணியோடு ஆடிய கடைசி ஆட்டத்தில், 23 எறிகைகளில் 10ஐ மட்டுமே இட்டார். பருவத்தில் 58 வெற்றி பெற்ற மில்வோக்கி அன்றோடு வெளியேறியது. அத்தொடரின் முதல் ஆட்டத்திலேயே அவர் முதுகில் அடிபட்டு, அடுத்த இரண்டு ஆட்டங்களில் இறங்காதிருந்தவர் என்பதும் கவனிக்கத்தக்கது.

நெஞ்சுரம் என்பது பிறவியிலே உள்ளதாயின், 2021இல் இருந்தது 2023இல் எங்கே போயிற்று? உடல் வலி, களைப்பு, கைநடுக்கம், அன்றைய நாள் எல்லாம் சேர்ந்த ஒன்றுக்கு நாம் "கோழைத்தனம்" என்று பெயரிட்டு வழக்கை முடித்துவிடுகிறோம். பதற்றம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பதற்றமும் பயிற்சிக்கு அடங்குவதே. நல்ல பயிற்றுநர்கள் தனி எறிகையைப் பயிற்சியின் தொடக்கத்தில் அன்றி, ஓடிக் களைத்து மூச்சு வாங்கும் முடிவு வேளையில் எறியச் செய்வது அதனாலேதான்.

நொவிட்ஸ்கியின் கதை 2007ஓடு முடியவில்லை. நான்காண்டு கழித்து, 2011இல், வெளியேற்றுச் சுற்று ஆட்டமொன்றில் அவர் 24 தனி எறிகைகள் எறிந்தார். 24ம் கூடையில் விழுந்தன. அவ்வாண்டு டலஸ் கிண்ணத்தை வென்றது. 2007ஆம் ஆண்டுத் தேநீர்க்கடைகளின் தீர்ப்பை அவர் ஏற்றுக்கொண்டிருந்தால் அந்த 24ம் எறியப்பட்டிரா.

பெற்றோருக்கு ஒரு சொல்

வாசகர்களே, இது பந்தைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. நம் வீடுகளிலும் வெளியேற்றுச் சுற்று ஒன்று உண்டு. ஆண்டெல்லாம் வகுப்பில் முன்னே நின்ற பிள்ளை, பொதுப் பரீட்சை நாளொன்றில் காய்ச்சலாலோ கலக்கத்தாலோ சறுக்கினால், அவன் பன்னிரண்டு ஆண்டு கற்றதை மறந்து அந்த மூன்று மணி நேரத்தையே அவன் பெயராக்கிவிடுகிறோம். நொய்ந்த இடம் எதுவென்று கண்டு அதை வைரமாக்குவது பெரியோர் வேலை. நொய்ந்த இடத்தையே பிள்ளையின் பெயராக்குவது எதிராளியின் வேலை.

மறுநாள் அந்த மாணவனை வகுப்பு முடிந்தபின் நிறுத்தி, 17இன் கதையையும் 10இன் கதையையும் சொன்னேன். குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவன், "சேர், தோற்ற மறுநாள் அவர் என்ன செய்தார்?" என்றான்.

"அது எனக்குத் தெரியாது மனே. ஒரு நாள் பந்தைத் திரும்ப எடுத்திருக்கிறார், அது மட்டும் தெரியும்" என்றேன்.

மூன்றாம் நாள் மாலை அவ்வழியே வந்தபோது, திடலில் அவன் தனியே நின்றுகொண்டிருந்தான். தேநீர்க்கடையில் வேறு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவன் கோட்டில் நின்று எறிந்தான்; சில விழுந்தன, சில விழவில்லை. நான் கணிதம் கற்பிப்பவன்; ஆயினும் அன்று எண்ணவில்லை.